கவர்னரின் மூன்றாவது பலம்

டாட்டியின் காபிக்கடையில் டிவி விடிந்ததிலிருந்து ஓடும். யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தோம். எங்கள் மாநிலத்துக் கவர்னர் சேயர் ஜனாதிபதி வேட்பாளராக நின்றால் தேறுவாரா என்று நாலு பேர் மேசை போட்டு அலசிக்கொண்டிருந்தார்கள். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. திரையில் ஒரு பக்கம் பலவீனம், ஒரு பக்கம் பலம். வெளிநாட்டு விவகாரம் தெரியாது, வெளி மாநிலங்களில் பெயர் எடுபடவில்லை, இதெல்லாம் பலவீனம். வரியைக் குறைத்தார், பார்க்க லட்சணமாக இருக்கிறார், இது இரண்டும் பலம். மூன்றாவது பலத்துக்கு ஒரு படமே போட்டார்கள். பான்கேக் திருப்பும் கரண்டியோடு கவர்னர் நிற்கிறார். பக்கத்தில் கழுத்து வரை பட்டன் போட்ட சட்டையில் எங்கள் வெர்லின் ஸ்ட்ரோப். கீழே 'சாதாரண மக்களோடு நெருக்கம்' என்று எழுதியிருந்தது.

காபியைத் தள்ளி வைத்தேன். காபிமேல் குற்றமில்லை.

நான் க்ளென்னா ப்ரூட். ட்ரோவர் தபால் ஆபீசில் வேலை. பதினேழு வருஷமாக ஊர் ஆம்புலன்சில் சம்பளமில்லாமல் ஓடுகிறேன். நோயாளியோடு பின்னால் உட்காருவது நான், வண்டி ஓட்டுவது வெர்லின். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். கவர்னரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

வெர்லின் பேசாத ஆள். தானியக் கிடங்கில் நாற்பத்தொரு வருஷமாக எடைமேடையில் இருப்பவன். கோதுமை லாரி உள்ளே வந்தால் ஒரு எடை, கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கோதுமை. இரண்டையும் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். அவன் சீட்டை எந்த விவசாயியும் மறுபடி கணக்குப் பார்த்ததில்லை. ஆம்புலன்சிலும் அதே புத்திதான். எல்லாவற்றுக்கும் நேரம் சொல்லுவான். வண்டி கிளம்பினால் "ஒண்ணு அம்பத்தெட்டு" என்பான், வீட்டு வாசலில் நின்றால் "ரெண்டு மூணு" என்பான். நான் பின்னாலிருந்து குறித்துக்கொள்வேன். பத்து மைலுக்கு அவன் வாயிலிருந்து வருவது அந்த இரண்டு மூன்று எண்கள்தான்.

அவன் மனைவி ட்வைலா பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. வியாழக்கிழமை மதியம் மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் கொடுப்பாள். வெளியூர்க்காரர்கள் இது என்ன கூத்து, குழம்புக்கு இனிப்பு ரொட்டியா என்று முகம் சுளிப்பார்கள். எங்கள் ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் அதைத் தின்று வளர்ந்தவர்கள். சட்டியில் ஓரமாக ஒட்டியிருக்கும் ரோலை, வீட்டில் கஷ்டப்படுகிற பிள்ளைக்கென்று தனியாக எடுத்து வைப்பாள். அந்த ஓரத்தில்தான் சர்க்கரைப் பாகு அதிகம்.

போன வருஷத்துக்கு முந்தின மே மாதம், ஆம்புலன்சுக்குப் பணம் சேர்க்க நாங்கள் நடத்தும் பான்கேக் காலை விருந்துக்குக் கவர்னர் சேயர் வந்தார். மரியாதைக்கு 'அவர்' என்றே எழுதுகிறேன். அதற்கு மேல் கேட்காதீர்கள். கரண்டியைப் பிடித்தார், மூன்று பான்கேக் திருப்பினார், அதில் இரண்டு கரி. படம் பிடித்து முடிந்ததும் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் வெர்லின் வாயைத் திறந்தான். நான் மாவுச் சட்டியோடு இரண்டடி தள்ளி நின்றேன்.

"கவர்னர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க ஊர் ஆஸ்பத்திரிய மூடப்போறாங்களாம். சின்ன ஆஸ்பத்திரிங்களுக்குப் பணம் ஒதுக்கின காகிதம் உங்க மேசையில இருக்குதாம். கையெழுத்துப் போட்டுடுங்க."

"உங்க பேர் என்ன?"

"வெர்லின்."

"வெர்லின், நான் பாக்கிறேன்," என்று தோளைத் தட்டினார்.

கார் போன பிறகு நான் கேட்டேன், "என்ன நினைக்கிற, போடுவாரா?"

"லாரிய உள்ள வர்றப்ப மட்டும் எடை போட்டா ஒண்ணும் தெரியாது, க்ளென்னா. வெளிய போறப்பவும் நிறுக்கணும். பாப்போம்," என்றான்.

கையெழுத்து விழவில்லை. அக்டோபரில் ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள். எமர்ஜென்சி என்று சிவப்பில் எரியும் விளக்குப் பலகையைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஆஸ்பத்திரி அறுபத்தெட்டு மைல்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, பகல் ஒன்று ஐம்பத்திரண்டுக்கு எங்கள் இடுப்பிலிருந்த அழைப்புக் கருவி அலறியது. நெஞ்சு வலி, பெண், அறுபத்தொரு வயது. பிறகு விலாசம் சொன்னார்கள். வெர்லினின் விலாசம். அவன் கிடங்கிலிருந்து ஓடி வந்து வண்டியில் ஏறினான். அன்றைக்கு வேறு டிரைவர் கிடையாது. இருந்த இன்னொருவன் முதுகு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தான். "ஒண்ணு அம்பத்தெட்டு," என்றான். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

ட்வைலாவுக்கு நினைவிருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அடுப்பை அணைத்தாயா என்று அவனைக் கேட்டாள். இரண்டு பதினொன்றுக்குக் கிளம்பினோம். நான் பின்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டி வேகம் குறைந்தது. திரும்புவதற்கான விளக்கு டிக் டிக் என்று அடித்தது. "ரெண்டு பதினஞ்சு, ஆஸ்பத்திரி," என்றான் வெர்லின்.

பதினேழு வருஷப் பழக்கம். பூட்டிக் கிடந்த ஆஸ்பத்திரி வாசலுக்குத் திருப்பப் போயிருக்கிறான்.

பிறகு விளக்கை அணைத்து, ஆக்சிலேட்டரை மிதித்தான். நான் அந்த நேரத்தையும் குறித்துக்கொண்டேன். ஏன் குறித்தேன் என்று தெரியவில்லை. இரண்டு நாற்பத்தொன்பதுக்கு நாடி நின்றது. நான் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பெரிய ஊர் ஆஸ்பத்திரியை அடைந்தபோது மூன்று பதினான்கு. அதையும் அவன்தான் சொன்னான்.

மறுநாள் காலை ஒரு பண்ணையில் ஒரு ஆளுக்கு டிராக்டரில் கால் மாட்டிக்கொண்டது. வெர்லின் வண்டியை எடுத்தான். எடுக்க வேறு ஆள் இல்லை, அதனால் எடுத்தான்.

இந்தக் கதை அந்தச் செப்டம்பர் செவ்வாய்க்கிழமை டிவியில் கவர்னர் வாயில் இப்படி ஆகியிருந்தது. ஜனாதிபதி வேட்பாளருக்கு முதலில் ஓட்டுப் போடும் அயோவா மாநிலத்தில் ஏதோ ஒரு கொட்டகையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேசுகிறார். "எங்க மாநிலத்துல ட்ரோவர்னு ஒரு ஊரு. அங்க வெர்லின்னு ஒரு மனுஷன், எனக்கு நல்லாத் தெரியும். சம்பளம் வாங்காம ஆம்புலன்ஸ் ஓட்டுறாரு. சொந்தப் பொண்டாட்டி ட்வைலாவ அந்த வண்டியிலேயே இழந்தாரு. மறுநாள் காலையில அதே வண்டிய எடுத்துட்டு ஊருக்கு உழைக்கப் போயிட்டாரு. நான் அவர் கையப் பிடிச்சிருக்கேன். அவரு எங்கிட்ட எதையுமே கேக்கல. ஒண்ணுமே கேக்கல. இந்த நாடு அப்படிப்பட்ட மனுஷங்களோட நாடு." ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

காபிக்கடையில் வெர்லின் என் எதிரில்தான் இருந்தான். முட்டையைப் பாதி தின்றிருந்தான். முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் நேராக வைத்தான்.

"கேட்டேனே," என்றான்.

"கேட்ட. நான் பக்கத்துல நின்னேன்."

"ட்வைலா பேரச் சொல்றாரு."

மூலையில் கிழவர் ஹார்லன் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு வயது, காது மந்தம், தொப்பியைக் கழற்றாமல் சாப்பிடுவார். "அந்தாளு ஜெயிப்பானாம்மா?" என்று டாட்டியிடம் கேட்டார். "அஞ்சாவது எடத்துல இருக்காராம்," என்றாள் டாட்டி. "நம்ம வெர்லின் கதையில கொஞ்சம் ஏறியிருக்காராம்."

அன்றிலிருந்து வெர்லினுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. அவளை அந்தப் பேச்சிலிருந்து எடுக்க வேண்டும். கடிதம் எழுதினான், பதில் இல்லை. போன் செய்தான். பதினோராவது தடவை கோல்பி என்கிற ஆள் பேசினான், கவர்னரின் பிரச்சாரத்தைப் பார்த்துக்கொள்பவன். வெர்லின் போனை ஸ்பீக்கரில் போட்டான், நானும் கேட்டேன். தேன் சொட்டும் குரல்.

"மிஸ்டர் ஸ்ட்ரோப், உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா பாருங்க, இந்தக் கதைதான் ஜனங்க மனசத் தொடுது. நாங்க கேட்டுப் பாத்துட்டோம். நூறு பேர்ல எழுபத்தெட்டு பேருக்குப் பிடிச்சிருக்கு."

"அது நடந்த மாதிரி இல்ல."

"அப்ப நீங்களே சொல்லுங்களேன். நவம்பர்ல உங்க ஊர் ஸ்கூல் ஜிம்மிலதான் கவர்னர் தன்ன ஜனாதிபதி வேட்பாளரா அறிவிக்கப்போறாரு. நீங்க மேடைக்கு வாங்க. நடந்தத உங்க வாயாலயே சொல்லுங்க. நீங்க ஒரு தடவ சொல்லிட்டா அப்புறம் கவர்னர் எதுக்குச் சொல்லப் போறாரு? அதோட விட்டுருவோம்."

"அப்புறம் அவ பேரைச் சொல்ல மாட்டாரு?"

"சொல்ல வேண்டிய தேவையே இருக்காதே."

போனை வைத்ததும் நான் கத்தினேன். "போகாத, வெர்லின். அவன் எதுக்கும் ஆமான்னு சொல்லல, கேட்டியா? உன்னை வச்சு வித்தை காட்டப்போறாங்க."

"நேரத்தப் படிச்சுக் காட்டுறேன். ரெண்டு பதினஞ்சு வரைக்கும் சேத்து. அதக் கேட்டப்புறம் எவனால அந்தக் கதையச் சொல்ல முடியும்?"

எடைச்சீட்டை நம்புகிற ஊரில் வளர்ந்தவன். சரியான எண்ணைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தான். அவனை நான் திட்டியது போதாது என்று இப்போது தோன்றுகிறது.

நவம்பரில் அந்தப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் பாதி எங்கள் ஊர், பாதி பஸ்ஸில் கொண்டுவந்த கூட்டம். அவர்களை மேடைக்குப் பின்னால் படிகளில் உட்காரவைத்து, கையில் கொடி கொடுத்திருந்தார்கள். எங்களைக் கீழே நாற்காலிகளில், கேமராவுக்கு நேராக உட்காரவைத்தார்கள். தொப்பியும் வேலைச் சட்டையுமாக வரச் சொல்லி முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்களும் போட்டுக்கொண்டு போனோம், பொம்மைகள் மாதிரி.

வெர்லின் தேவாலயத்துக்குப் போடும் கோட்டில் வந்தான். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"என் மனைவி ட்வைலா. பிப்ரவரி, புதன்கிழமை. ஒண்ணு அம்பத்திரண்டு, கூப்பிட்டாங்க. ஒண்ணு அம்பத்தெட்டு, வண்டி கிளம்புச்சு. ரெண்டு மூணு, வீட்டு வாசல். ரெண்டு பதினொண்ணு, வீட்டுலேர்ந்து கிளம்பினோம். ரெண்டு பதினஞ்சு, ட்ரோவர் ஆஸ்பத்திரி. பூட்டியிருந்துச்சு. அதத் திறந்து வைங்கன்னு அதுக்கு முந்தின மே மாசம் கவர்னர்கிட்ட கேட்டேன். ரெண்டு நாப்பத்தொம்பது, நாடி இல்ல. மூணு பதினாலு, பெரிய ஆஸ்பத்திரி." காகிதத்தை மடித்தான். "அவ்வளவுதான்."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிண வண்டி போனால் ரோட்டில் எந்தக் காரும் ஓடாது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நிற்போம். தேவாலயத்தில் இறந்தவரின் நாளும் நேரமும் படிக்கும்போது எல்லோரும் எழுந்துவிடுவோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கால் தானாக எழும். ஹார்லனுக்குக் காது மந்தம்தான், ஆனால் ஒலிபெருக்கியில் 'நாடி இல்ல' என்பது விழுந்திருக்கிறது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்து எழுந்தார். அப்புறம் டாட்டி. அப்புறம் நான். அப்புறம் ட்வைலாவின் ரோலைத் தின்ற அத்தனை பேரும், அறுநூறு பேர், சத்தமில்லாமல் எழுந்து நின்றோம். பல பேர் அழுதோம்.

அந்த நிமிஷம்தான் கவர்னர் பக்கவாட்டிலிருந்து நடந்து வந்தார். வெர்லினைக் கட்டிப்பிடித்தார். அவன் கைகள் தொங்கிக்கொண்டே இருந்தன. அவர் அந்தக் கைகளில் ஒன்றைப் பிடித்து மேலே தூக்கினார். பின்னால் படியிலிருந்த பஸ் கூட்டம் ஹோவென்று கை தட்டியது, கொடியை ஆட்டியது. "இவருக்காகத்தான் நான் நிக்கிறேன்," என்றார் கவர்னர் மைக்கில். கேமரா எங்கள் பக்கம் மெதுவாகத் திரும்பியது. கண்ணீரோடு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, ஒரு ஊரே எழுந்து நிற்கிறது.

உட்கார்ந்திருக்கலாம். "பொய்" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். ட்வைலாவுக்காக நிற்கும்போது கத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். எங்கள் மரியாதையை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ராத்திரிச் செய்தியில் அந்தக் காட்சியைப் பதினெட்டு வினாடி காட்டினார்களாம். கவர்னர் வருகிறார், ஊர் எழுந்து நிற்கிறது, கைதட்டல். வெர்லின் படித்தது ஒரு எழுத்துக்கூட இல்லை. மேசை போட்ட நாலு பேரும் அடுத்த வாரம் மறுபடி உட்கார்ந்தார்கள். சொந்த மாநிலத்து மக்கள் இப்படி நெஞ்சில் கை வைத்து எழுந்து நிற்கும் வேட்பாளரைப் பார்த்ததில்லை என்றார் ஒருவர். ஐந்தாவது இடத்திலிருந்தவர் இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டாராம். மூன்றாவது பலம் பட்டியலில் முதலாவதாகியிருந்தது.

காபிக்கடையில் சில பேருக்குப் பெருமைகூட. "நம்ம ஊரு டிவில வந்துச்சுல்ல," என்றான் ஒருவன். "ஜனாதிபதி ஆயிட்டா ஆஸ்பத்திரியத் திறந்தாலும் திறப்பாரு," என்றாள் டாட்டி. நான் அவளோடு இரண்டு வாரம் பேசவில்லை. காபி மட்டும் குடித்தேன்.

டிசம்பரில் கவர்னரின் பேச்சு மறுபடி வந்தது. ட்வைலா அதில்தான் இருந்தாள். இப்போது நேரங்களும் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, குரல் தழுதழுக்கச் சொன்னார். "ஒண்ணு அம்பத்திரண்டு... ஒண்ணு அம்பத்தெட்டு... ரெண்டு மூணு... ரெண்டு பதினொண்ணு... ரெண்டு நாப்பத்தொம்பது... மூணு பதினாலு."

வெர்லின் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ண விட்டுட்டாரு," என்றான்.

"தெரியும்."

"ரெண்டு பதினஞ்ச விட்டுட்டாரு, க்ளென்னா." அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை, ட்வைலா போன அன்றுகூட. அதற்குப் பிறகு அவன் கோல்பிக்குப் போன் செய்யவில்லை.

ஜனவரியில் ஹார்லன் போய்விட்டார், தூக்கத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல். பிண வண்டி பிரதான வீதியில் வந்தபோது நான் தபால் மூட்டைகளோடு காரில் இருந்தேன். ஓரமாக நிறுத்தினேன். கதவின் பிடியில் கையை வைத்தேன். வைத்தவள், யாராவது கேமரா வைத்திருக்கிறார்களா என்று தெருவை ஒரு சுற்றுப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் டாட்டியும் தன் கார்க் கதவைப் பாதி திறந்துகொண்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பார்த்து முடிப்பதற்குள் ஹார்லன் எங்களைக் கடந்து போய்விட்டார். வீதியில் வெர்லின் ஒருவன்தான், பனியில், தொப்பியில்லாமல் நின்றான்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு பெரிய பத்திரிகையிலிருந்து ஒருத்தன் வந்தான். அயோவாவில் ஓட்டுப் போட இன்னும் பத்து நாள். கவர்னரை நன்றாகத் தெரிந்த சாதாரண மனிதரிடம் கேட்டு எழுத வேண்டுமாம். நானும் வெர்லினும் ஆம்புலன்சுக்குள் ஆக்சிஜன் உருளைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அவன் புதுப் பூட்ஸோடு வாசலிலேயே நின்றான்.

"சார், ஒரே ஒரு கேள்வி. கவர்னர் சேயர் ஜெயிப்பாருன்னு நினைக்கிறீங்களா?"

வெர்லின் உருளையின் மீட்டர் முள்ளைப் பார்த்தான். எனக்கு எண்ணைச் சொன்னான், நான் எழுதினேன். பிறகு திரும்பினான்.

"ஜெயிப்பாரு."

பத்திரிகைக்காரன் முகம் மலர்ந்தது. "எத வச்சு சொல்றீங்க? வரியக் குறைச்சாரே, அதனாலயா?"

"நாங்க எழுந்து நின்னோமே," என்றான் வெர்லின்.

வெர்லின் அடுத்த உருளையை எடுத்தான். பத்திரிகைக்காரன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டான். அந்தப் பதிலை அவன் எழுதிக்கொள்ளவில்லை.